நேர் பஸ்ஸா, மாறி ஏறுவதா?

(பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றி நாம் அடிக்கடி கூடிப் பேசுகிறோம். போட்ட சாலையின்மீது ஓட வேண்டிய பஸ்ஸைப் பற்றிக் கூடிப் பேசுவது குறைவு. பேசும்போதும், "எங்கள் ஊருக்கு நேர் பஸ் வேண்டும்" என்ற ஒரே வரியில் மனுவை முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரி போதுமா என்பதையே இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

பிரயாணிகளிடையே இவ்விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. "ஊரில் ஏறினால் மாவட்டத் தலைநகரில்தான் இறங்க வேண்டும், நடுவழியில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏற எங்களால் ஆகாது" என்பர் ஒரு கட்சியார். "நாளைக்கு மூன்று நடை வரும் நேர் பஸ்ஸுக்காகக் காத்துக் கிடப்பதைவிட, கிடைத்த வண்டியில் பெருஞ்சாலை வரை போய், அங்கே வேறு பஸ் பிடிப்பதே மேல்" என்பர் மற்றொரு கட்சியார். மாறி ஏறும் அந்த இடத்தை வட மாவட்டங்களில் கூட்டுரோடு என்கிறோம்; தென் மாவட்டங்களில் விலக்கு என்கிறோம்; கொங்கு நாட்டில் பிரிவு என்கிறோம். பெயர் எதுவாயினும், நம் கிராமத்து மக்களின் பொழுதில் ஒரு பகுதி அங்கேதான் கழிகிறது.

இரு கட்சியாரின் சொல்லிலும் நியாயம் உண்டு. முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். பெருஞ்சாலையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் உள்ளே நான்கு கிராமங்கள் இருப்பதாகவும், ஊருக்கு ஒன்றாக நான்கு பஸ்கள் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பஸ்ஸும் நேரே மாவட்டத் தலைநகருக்குப் போய் வர 3 மணி நேரம் ஆகுமானால், காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணிக்குள் ஓர் ஊருக்கு 4 நடைகளே கிடைக்கும். அதே பஸ் கூட்டுரோடு வரை மட்டும் போய்த் திரும்பினால், ஒரு நடைக்கு 1 மணி நேரம் போதும். அப்போது அதே ஊருக்கு 12 நடைகள் கிடைக்கும். வண்டியும் கூடவில்லை, ஓட்டுநரும் கூடவில்லை, நடை மட்டும் மும்மடங்காகிறது. கூட்டுரோட்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு மொபசல் பஸ் வருமானால், மாறி ஏறுகிறவரே பல வேளைகளில் முன்னதாகப் போய்ச் சேருவார்.

"நேரம் தெரிந்தவர் நிறுத்தத்தில் ஏன் காத்திருக்க வேண்டும்? புறப்படும் வேளைக்கு வந்தால் போதாதா?" என்று கேட்கலாம். அவர் நிறுத்தத்தில் காத்திருக்கமாட்டார், வேறிடத்தில் காத்திருப்பார். 11 மணிக்கு வைத்தியம் முடிந்த நோயாளி, 2 மணி பஸ்ஸுக்காக மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருப்பார். விளைபொருளை விற்று முடித்த உழவர் சந்தை மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். எங்கே உட்கார்ந்தாலும் போன பொழுது போனதுதான்.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் மக்கள் நேர் பஸ்ஸையே கேட்பது ஏன்? அவர்கள் கணக்கு அறியாதவர்கள் என்று எண்ணுவது தவறு. கணக்கில் வராத இழப்புகள் சில உள்ளன. புறப்படும் ஊரில் பெற்ற இருக்கை, மாறும் இடத்தில் போய்விடுகிறது. கைக்குழந்தையுடன் நிற்க நேரிடுகிறது. பூக்கூடையும் காய்கறி மூட்டையும் இருமுறை ஏற்றி இறக்கப்படுகின்றன. கண்டக்டர் ஏற்ற மறுத்தால் அங்கேயே கிடக்கின்றன. ஒவ்வொரு சீட்டும் குறைந்த கட்டணத்திலிருந்தே தொடங்குவதால், இரண்டு சீட்டு வாங்குகிறவர் பெரும்பாலும் கூடுதலாகக் கொடுக்கிறார். இவை யாவற்றினும் பெரியது ஒன்று உண்டு. அடுத்த பஸ் வருமா என்ற அச்சம். பட்டப்பகலில் அந்த அச்சம் சிறிது. இரவு 8 மணிக்குப் பெரிது. ஊருக்குச் செல்லும் கடைசி பஸ் ஐந்து நிமிடம் முன்னதாகப் போய்விட்டால், கல்லூரியிலிருந்து திரும்பும் பெண் விளக்கில்லாத கூட்டுரோட்டில் தனியே நிற்க நேரிடும். இது இரண்டு முறை நிகழ்ந்தால், மூன்றாம் முறை அவள் படிப்பே நின்றுவிடலாம்.

கட்டண விஷயத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். மொபசல் பஸ்ஸுக்கும் தனியார் மினி பஸ்ஸுக்கும் இச்சலுகை இல்லை. ஆகவே, டவுன் பஸ்ஸை எடுத்துவிட்டு மினி பஸ்ஸை விட்டால், நடை கூடினாலும் தாய்மார்களின் செலவு கூடும். கூலி வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு இது சிறிய தொகை அன்று.

மினி பஸ் திட்டத்தின் அமைப்பே மாறி ஏறுவதை அடிப்படையாகக் கொண்டது. 1997இல் இத்திட்டம் வந்தபோது, வழித்தடத்தின் நீளம் 20 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது என்றும், அதில் 16 கிலோமீட்டர் பஸ் வசதி இல்லாத சாலையாக இருத்தல் வேண்டும் என்றும் விதித்தனர். 2025இல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் நீளம் 25 கிலோமீட்டர் வரை உயர்த்தப்பட்டது. இவ்வளவு குறுகிய தடத்தில் ஓடும் வண்டி, தொலைவிலுள்ள மாவட்டத் தலைநகருக்குப் போக இயலாது. அது நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில் இணைப்புப் பஸ் இருந்தால்தான் அதனால் முழுப்பயன் கிட்டும்.

பிற இடங்களின் அனுபவமும் இதையே காட்டுகிறது. தென்கொரியாவின் தலைநகரான சியோலில் 2004ஆம் ஆண்டு ஜூலை மாதம் பஸ் தடங்கள் அடியோடு மாற்றியமைக்கப்பட்டன. பெருந்தடங்களில் ஒருவகை வண்டி, அவற்றோடு இணைக்கும் சிறுதடங்களில் வேறுவகை வண்டி என்று பிரித்தனர். முதல் நாட்களில் குழப்பமும் கண்டனமும் மிகுந்தன. எனினும், பஸ்ஸிலிருந்து பஸ்ஸுக்கோ சுரங்க ரயிலுக்கோ மாறினாலும் மொத்தத் தொலைவுக்கு ஒரே கணக்காகக் கட்டணம் என்ற ஏற்பாடும் உடன் இருந்தது. மாறுகிறவர் தண்டம் கட்ட வேண்டியதில்லை என்றானபின், மாறுவது மக்களுக்குப் பழகிப்போயிற்று.

நம் மாநிலத்திலேயே, 2023 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. அதுவரை கோயம்பேடு வரை சென்ற தென் மாவட்டப் பஸ்கள் அங்கே நிற்கலாயின. நிலையம் விசாலமானது. ஆயினும், திறந்த காலத்தில் அருகே ரயில் நிலையம் ஆயத்தமாக இல்லை. விடியற்காலையில் பெட்டி படுக்கையுடன் இறங்கியவர்கள் நகரப் பஸ்ஸைத் தேட வேண்டியிருந்தது. மக்களின் குறை கட்டடத்தைப் பற்றியதன்று, இணைப்பைப் பற்றியது. 2025இல் சென்னையில் மாநகரப் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் கைப்பேசி வழியாக ஒரே சீட்டு பெறும் ஏற்பாடு வந்தது. நகரத்தாருக்குக் கிடைத்த இவ்வசதி நம் கூட்டுரோட்டுக்கும் வர வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இனி நாம் செய்யத்தக்கது யாது? ஊரார் அனைவருக்கும் தேவை ஒன்றன்று என்பதை முதலில் உணர வேண்டும். மாணவருக்கும் அலுவலருக்கும் அடிக்கடி பஸ் வேண்டும். அவர்கள் மாறி ஏறத் தயங்கார். முதியோருக்கும் நோயாளிக்கும் மூட்டை கொண்டு செல்வோருக்கும் இறங்காமல் போவது வேண்டும். ஆகவே, விடியற்காலையில் சந்தைக்கு ஒரு நேர் நடை, புறநோயாளிகள் நேரத்துக்கு ஒரு நேர் நடை, மாலையில் திரும்ப ஒரு நேர் நடை. மற்ற வேளைகளில் கூட்டுரோடு வரை மணிக்கு ஒரு நடை என்று கேட்பது அறிவுடைமையாகும். கடைசி பஸ் இரவில் ஊரிலேயே தங்கி, காலையில் முதல் பஸ்ஸாகப் புறப்படுமானால், இரு வேளைக் கவலையும் ஒருங்கே தீரும்.

இதற்குக் கிராம சபை நல்ல களம். 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை அது கூட ஏற்பாடு உள்ளது. கூட்டத்துக்கு முன் ஒரு வாரம், எவர், எந்த வேளையில், எவ்வூருக்குச் செல்கிறார், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதை வார்டு வாரியாக ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பெண்களைத் தனியே கேளுங்கள்; கூட்டத்தில் பேசாத செய்திகள் அப்போது வெளிவரும். அக்குறிப்புடன் தீர்மானம் நிறைவேற்றி, அரசுப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும், மாவட்ட ஆட்சித் தலைவருக்கும் அனுப்புங்கள். ஒரே கூட்டுரோட்டைப் பயன்படுத்தும் நான்கு ஊர்களும் சேர்ந்து எழுதினால், அக்கடிதத்துக்கு வலிமை நான்கு மடங்கு.

கூட்டுரோட்டையும் கவனியுங்கள். நிழற்குடை, குடிநீர், கழிப்பிடம், இரவில் எரியும் விளக்கு, எழுத்துத் தெளிவான நேர அட்டவணைப் பலகை ஆகிய ஐந்தும் அங்கே இருத்தல் வேண்டும். ஆறாவதாக ஒன்று. பெருஞ்சாலைப் பஸ் சிறிது தாமதித்தால், ஊருக்குப் போகும் கடைசி பஸ் பத்து நிமிடமாவது நின்று, அதில் வருவோரை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இதை எழுத்து மூலமாகவே உத்தரவாகக் கேளுங்கள்.

காத்து நிற்கும் பஸ் ஒன்று இருக்குமானால், மாறி ஏற நம் மக்கள் அஞ்சமாட்டார்கள். அந்த உறுதி கிடைக்கும் வரை, உள்ள நேர் பஸ்ஸை விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். அடுத்த கிராம சபைக்கு அந்த நோட்டுடன் வாருங்கள்.