இரவுக்குக் கஞ்சியும் பயறும்



"இரவுக்கு என்ன செய்வது?" என்னும் வினா மாலை வேளையில் எழாத வீடு இல்லை. பகலுணவுக்கு ஒரு முறை உண்டு: சோறு, குழம்பு, ஒரு கறி, மோர். காலைச் சிற்றுண்டிக்கும் அவ்வாறே ஒரு வழக்கம் அமைந்துவிட்டது. இரவு உணவு ஒன்றுதான் முறையின்றி நிற்கிறது. மதியம் மிஞ்சியதைச் சுடவைப்பது, புளித்த மாவில் நாலு தோசை வார்ப்பது, அதற்கும் உடல் இடங்கொடாவிட்டால் கைபேசியை அழுத்திப் பரோட்டாவை வரவழைப்பது என்று நாட்கள் கழிகின்றன.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. வீட்டுப் பெரியவர் சர்க்கரை நோய்க்கு மருந்துண்பவராயின் அவருக்குச் சப்பாத்தி. பிள்ளைகளுக்குத் தோசை, அல்லது நூடுல்ஸ். நடுவயதினருக்கு மதியத்துச் சோறு. ஆக, ஒரே அடுப்பில் மூன்று சமையல். அலுவலகத்திலிருந்து திரும்பிய பெண்மணி இம்மூன்றையும் முடித்துவிட்டு, கடைசியில் அடுப்பருகே நின்றபடியே எதையோ உண்டு உறங்கச் செல்கிறார். நாம் குடியிருக்கும் கரமனையில் இது பல வீடுகளில் காணும் காட்சி. டில்லியிலும் பம்பாயிலும் வாழும் நம்மவர் வீடுகளில் இது வேறாக இராது என்றே எண்ணுகிறோம்.

இரவில் ஒரு வீட்டுக்கு ஒரே சமையல். அது முதியவருக்கும் குழந்தைக்கும் ஏற்றதாய், சுருங்கிய நேரத்தில் முடிவதாய் அமையுமா? அமையும். அதற்குப் பக்கத்து வீட்டு அடுக்களையை எட்டிப் பார்த்தாலே போதும்.

கரமனை, திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில், கரமனையாற்றின் கரையில் உள்ள பகுதி. தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல தலைமுறைகளாக வாழ்கின்றன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மாநில எல்லைகள் திருத்தப்பட்டு, கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும் அவர்கள் இங்கேயே இருந்துவிட்டனர். மத்திய அரசின் பணி காரணமாக வந்து தங்கிய எம் போன்றோர் பிற்காலத்தவர். இருசாராரும் மலையாள அண்டை வீட்டாரிடமிருந்து எத்தனையோ கற்றிருக்கிறோம். ஆனால் அவர்களுடைய பழைய இரவுணவை மட்டும் கற்காமல் விட்டோம். கஞ்சியும் பயறும் என்பது அதன் பெயர்.

விட்டதற்குக் காரணம் ஒரு சொல்லே என்பது மொழிபெயர்ப்பாளராகிய நம் அபிப்பிராயம். தமிழில் கஞ்சி என்றால் இரண்டு பொருள்தான் மனத்தில் தோன்றும்; ஒன்று வறுமை, மற்றொன்று காய்ச்சல். கஞ்சிக்கு வழியில்லாதவன் என்று ஏழையைச் சொல்கிறோம். எம் வீட்டில் முதன்முறையாக இரவுக்குக் கஞ்சி வைத்தபோது எம் தாயார், "வீட்டிலே யாருக்கடா காய்ச்சல்?" என்று கேட்டார். மலையாளத்திலோ, "கஞ்சி குடிச்சோ?" என்பது ஒருவரையொருவர் நலம் விசாரிக்கும் பேச்சு. இரு மொழிகளுக்கும் பொதுவான ஒரே சொல், எல்லையைக் கடந்ததும் மதிப்பில் மாறிவிடுகிறது.

இந்த நாட்டிலும் அது வசதியில் பிறந்த வழக்கமன்று. திருவிதாங்கூர், அரிசிக்கு வெளிநாட்டை நம்பியிருந்த சமஸ்தானம். 1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டு அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, மரவள்ளிக் கிழங்கே பல வீடுகளில் பசியாற்றியது. அத்தகைய நாட்டில், கொஞ்சம் அரிசியைக் கொண்டு நாலு பேர் வயிற்றை நிரப்பும் உபாயம் கஞ்சி. ஆயினும் அதைத் தனியே குடிக்காமல், பயற்றோடும் துவையலோடும் கீரையோடும் சேர்த்து உண்ட வழக்கத்தில்தான் சிறப்பு இருக்கிறது. 1984இல் கேரள அரசு தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டத்திலும் நெடுங்காலம் இந்தக் கஞ்சியும் பயறுமே பரிமாறப்பட்டன.

இச்சேர்க்கையின் நன்மை யாது? அரிசியிலுள்ள புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பயறுகளில் அது மிகுதி. பயற்றில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. நூறு கிராம் பச்சைப் பயற்றில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உள்ளது. அரிசியில் 7 அல்லது 8 கிராமே.

அரசாங்கச் சுற்றறிக்கைகளில் "சரிவிகித உணவு" என்ற தொடரைக் கண்டிருப்பீர்கள். அதை எழுதும் கூட்டத்தில் நாமும் ஒருவர். எது எதற்கு என்ன விகிதம் என்பதைச் சொல்லாமலே அத்தொடர் ஊரெங்கும் உலவுகிறது! ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் அதைக் கணக்காகவே சொல்கிறது: 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம். அதாவது, மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு. தானியத்தைக் காட்டிலும் காய்கறி அதிகம். நம் வீட்டுச் சோற்றுத் தட்டை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சோறு மலைபோலும், பொரியல் அதனடியில் ஒரு சிறு பிடியாகவும் இருப்பதே வழக்கமாயிற்றே.

இந்த நிறுவனம் பிறந்தது தமிழ் மண்ணில் என்பது பலருக்குத் தெரியாது. 1918இல் நீலகிரியைச் சேர்ந்த குன்னூரில் ஓர் ஒற்றை அறையில் ராபர்ட் மக்காரிசன் என்னும் அயர்லாந்து மருத்துவர் தொடங்கியது அது. 1958இல்தான் ஹைதராபாத்துக்குச் சென்றது. மக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளைத் தனித்தனியே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவைத் தின்றவை கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியே பிரதானமாக உள்ள சென்னை மாகாணத்து உணவைத் தின்றவை எல்லாவற்றிலும் மெலிந்து கடைசியில் நின்றன. பஞ்சாபில் வாழும் நேயர்கள் இதைக் கேட்டு முறுவலிக்கக்கூடும். குறை அரிசியில் மட்டும் இல்லை. அரிசியோடு சேராதவற்றில், பால், பருப்பு, கீரை ஆகியவற்றின் பற்றாக்குறையில் பெரிதும் இருந்தது.

குன்னூர் ஆராய்ச்சியால் விளங்கிய மற்றொன்று புழுங்கலரிசியின் உயர்வு. நெல்லை ஊறவைத்து அவிக்கையில் தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசிக்குள்ளே ஊடுருவிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. பச்சரிசியை வெள்ளை வெளேரெனத் தீட்டி உண்ட பகுதிகளில் பரவிய பெரிபெரி நோய், புழுங்கலரிசி உண்ட பகுதிகளில் அரிதாக இருந்தது இதனாலேயே. கேரளத்தின் சிவப்பு மட்டா அரிசி புழுங்கல் வகை. தவிட்டின் ஒரு பகுதியும் அதில் தங்கியிருக்கும்.

இனிச் சமையலுக்கு வருவோம். நான்கு பேருக்கு மட்டா அரிசி 200 கிராம், முழுப் பச்சைப் பயறு 120 கிராம், கீரை 400 கிராம். பயற்றைக் காலையில் அலுவலகம் புறப்படுமுன் ஊறப்போட வேண்டும். மாலையில் அது பிரஷர் குக்கரில் இரண்டு விசிலில் வெந்துவிடும். கீரையை முந்தின நாளே ஆய்ந்து துணியில் சுற்றி வைத்தால் மாலை வேலை பாதியாகும். அரிசிக்கு எட்டுப் பங்கு தண்ணீர்.

மட்டா அரிசி வேக நேரமாகும் என்பது பலரை அச்சுறுத்தும். இதற்குக் கேரளத்தார் கையாளும் கருவி சூடாறாப்பெட்டி. மலையாளச் சொல்லே அது. தமிழுக்குப் பெயர்க்க நமக்கு வேலையே வைக்கவில்லை. 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் அமைப்பு இதை வீடுதோறும் பரப்பியது. உட்புறம் தெர்மாகோல் பதித்த ஒரு பெட்டி, அவ்வளவே. அரிசியைத் தண்ணீரோடு மூடிய பாத்திரத்தில் பதினைந்து நிமிடம் நன்கு கொதிக்கவிட்டு, கொதிநிலையிலேயே பெட்டிக்குள் வைத்து மூடிவிட வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் தன் சூட்டாலேயே அரிசி மலர்ந்துவிடும். எரிவாயு மிச்சம், பக்கத்தில் நின்று கிண்டும் வேலையும் இல்லை. ஆறு மணிக்கு அடுப்பேற்றினால் எட்டு மணிக்குள் இலை போடலாம். காலையில் வைத்து மாலை வரை விட்டுவிடுவது மட்டும் கூடாது. சூடு தணிந்து வெதுவெதுப்பாய் நிற்கும் உணவு விரைவில் கெடும்.

வெந்த பயற்றை நீர் வடித்து, தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய், சீரகம், ஒரு பல் பூண்டு ஆகியவற்றை ஒன்றிரண்டாக இடித்துச் சேர்த்துப் பிரட்டினால் துவரன். நாஞ்சில் நாட்டுத் தமிழர்க்கு இச்சொல் புதிதன்று. நால்வருக்கும் சேர்த்து நாலு மேசைக்கரண்டித் துருவல் போதும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு செறிந்த கொழுப்பாதலால் தாளிப்பதற்கு இரண்டு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கீரையைக் கடையலாம், துவட்டலாம். சுட்ட தேங்காயில் வற்றல் மிளகாயும் சின்ன வெங்காயமும் துளி புளியும் வைத்து அரைத்த துவையல், விரல் நுனியளவு தொட்டுக்கொள்ள. மீனுண்போர் சாளை மீனைப் பொரிக்காமல் குழம்பாக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். அப்பளமும் ஊறுகாயும் கஞ்சிக்குச் சுவைதான். உப்பு அவற்றோடுதான் ஏறுகிறது. நாள் முழுவதற்கும் ஒருவருக்கு ஐந்து கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கஞ்சி என்றாலே நீரிழிவுக்கு நல்லது என்று யாரும் கொள்ளலாகாது. குழைய வெந்த அரிசி விரைவில் செரித்து இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். ஆகையால் எம் தாயாருக்குக் கிண்ணத்தில் அரிசி பாதி. பயறும் கீரையும் இரட்டிப்பு. முதலில் துவரனையும் கீரையையும் உண்டு, பின்னரே கஞ்சியில் கரண்டியிடுகிறார். மருந்தின் அளவை அவருடைய வைத்தியரைக் கேட்டே அமைக்கிறோம். நாங்களாக எதையும் மாற்றுவதில்லை. பிள்ளைகளுக்கு அரிசி சற்றுக் கூடுதல், ஒரு தம்ளர் தயிர். சமையல் ஒன்று, மாறுவது பங்கு மட்டுமே.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, இருபது வயது கடந்தோரில் நீரிழிவுள்ளவர் நாடு முழுவதும் 11.4 சதவிகிதம், தமிழ்நாட்டில் 14.4, கேரளத்தில் 25.5. நாம் வாழும் மாநிலத்தில் நால்வருக்கு ஒருவர். நான்கு பேர் இருக்கும் வீட்டில் இதன் பொருள் என்ன என்பதைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டியதில்லை.

சப்பாத்தியைப் பற்றியும் சொல்லவேண்டும். இரவில் சோற்றை நிறுத்திச் சப்பாத்தி உண்டால் நோய் அடங்கிவிடும் என்பது நம்மவரிடையே வேரூன்றிய நம்பிக்கை. கோதுமையில் நார்ச்சத்து கூடுதல்; ஆனால் அதிலும் பெரும்பகுதி மாச்சத்தே. மேற்சொன்ன ஆய்வின் மற்றொரு பகுதி 2025இல் வெளிவந்தது. இந்தியர் உணவின் சக்தியில் ஏறத்தாழ 62 சதவிகிதம் மாச்சத்திலிருந்தே கிடைக்கிறது என்றும், மொத்த மாச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ உண்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்றும் அது கூறுகிறது. மாச்சத்தில் ஒரு பகுதியைப் பருப்பு, பால் முதலியவற்றின் புரதமாக மாற்றினால் அபாயம் குறைகிறது. ஆகவே நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் உண்பவர், இரண்டு கரண்டிச் சோறும் கிண்ணம் நிறையப் பருப்பும் உண்பவரைவிட ஒன்றும் சாதித்துவிடவில்லை.

வெளிமாநிலங்களில் மட்டா அரிசிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மட்டாவே வேண்டும் என்பதில்லை. டில்லியில் தலியா என்று விற்கும் உடைத்த கோதுமையும் பச்சைப் பயறும் சேர்ந்தால் நல்ல கஞ்சி. மராட்டியத்தில் சோளம் உண்டு. ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் கம்பு உண்டு. இரண்டும் நம் பாட்டிமார் துழாவிய கூழின் தானியங்களே. குஜராத்தியரின் கிச்சடி, அரிசியும் பயற்றம்பருப்பும் கலந்த இரவுணவு, பெயர்தான் வேறு. வங்கத்தில் பூயி சாகம் என்பது நம் கொடிப்பசலை. வடநாட்டுக் குளிர்காலத்தில் வெந்தயக் கீரை மலிந்து கிடக்கும். அதைக் கடைந்து பாருங்கள், சோற்றைத் தேட மாட்டீர்கள்.

யார் சமைப்பது என்பதையும் விட்டுவிடலாகாது. எம் வீட்டில் இருவரும் அலுவலகம் செல்பவர்கள். பயறு ஊறப்போடுவதும் துவரன் பிரட்டுவதும் எம் பொறுப்பு; அரிசியும் கீரையும் இல்லாளுடையது; தேங்காய் துருவுவது மகன். மூன்று சமையல் ஒன்றானபின் எட்டு மணிக்குள் எல்லோரும் சேர்ந்து உட்கார முடிகிறது. உண்ட பின் படுக்கைக்குச் செல்ல இரண்டு மணி நேரம் இருப்பதால் தாயாரும் ஆற்றங்கரைத் தெருவரை நடந்து வருகிறார். கஞ்சியை எப்போதும் பலா இலையை மடித்து ஈர்க்குக் குத்திய கரண்டியால்தான் குடிப்பார். டில்லியில் பலா இலை அகப்படாது. உங்கள் வீட்டு ஸ்பூனே போதும்.