நீர் சேரா நீர்த்தல்

அமிலத்தை நீர் சேர்த்து நீர்க்கச் செய்கிறோம். வளிமத்தை நீரின்றியே நீர்க்கச் செய்கிறோம். புகைபோக்கி வளிமம் வெப்பமும் ஈரமும் மிக்கது. குளிர்ந்தால் ஈரம் துளிர்க்கும். கந்தக ஈராக்சைடு அதில் கரைந்து, அளவு குறைந்து தோன்றும். ஆகவே ஒரு பங்கு வளிமத்துடன் தூய உலர்காற்று 99 பங்கு கலக்கிறோம். ஈரமும் நூறில் ஒன்றாகித் துளிர்க்காது நிற்கும். பகுப்பாய்வுக் கருவியை வந்தடைவது பத்து இலட்சத்தில் 5 பங்கு எனின், புகைபோக்கியில் உள்ளது 500 பங்கு.

அந்த நூறு பிறழ்ந்தால் விடையும் பிறழும். எனவே, செறிவு தெரிந்த வளிமத்தைக் கருவியின் வாயிலில் அன்றி, உறிஞ்சுமுனையிலேயே செலுத்தி முழுப் பாதையையும் சரிபார்க்கிறோம். அச்செறிவே திரையில் தோன்றுமாறு பெருக்கெண்ணை அமைக்கிறோம்.

நீர்த்தல் என்றால் நீர் சேர்த்தல் என்று மட்டும் கற்பித்தால், ஈரத்தை வெல்ல வந்த இம்முறையை மாணவர் தலைகீழாகவே விளங்கிக்கொள்வர். செறிவைக் குறைத்தல் என்றே கற்பிப்போம்.