அம்பின் இறகு

வில்வித்தை என்றதும் வில்லையும் வீரனையும் போற்றுகிறோம். அம்பின் பின்புறத்து இறகை நினைப்பவர் அரியர். ஆயினும், இறகில்லா அம்பு நேர்வழி தவறித் தள்ளாடும்.

இங்கிலாந்தின் மன்னர் ஐந்தாம் ஹென்றி இதனை நன்கு அறிந்தவர். ஒவ்வொரு வாத்தினிடமிருந்தும் ஆறு சிறகிறகுகளைத் திரட்டுமாறு 1417-ஆம் ஆண்டில் அவர் ஆணையிட்டார். நீண்டு விறைத்த இறகுகளே அம்புக்கு உதவும்.

திரட்டியவற்றை முதலில் இடச்சிறகு, வலச்சிறகு எனப் பிரித்தல் வேண்டும். இறகின் இயற்கை வளைவு காற்றைப் பற்றி அம்பைச் சுழலச் செய்கிறது. ஆதலால் ஓர் அம்பின் மூன்று இறகுகளும் ஒரே பக்கத்தனவாக இருத்தல் இன்றியமையாதது. ஒன்று மாறினும் சுழற்சி கெடும்.

பின்னர் நடுத்தண்டைக் கூரிய கத்தியால் நெடுகப் பிளந்து, அகன்ற பாதியை எடுத்து, அதன் அடியைச் சமமாகத் தேய்ப்பர். தடித்திருந்தால் அம்பில் படியாது. மிக மெலிந்தால் இழைகள் பிரிந்துவிடும். பசையிட்டு ஒட்டியபின், இழைகளுக்கிடையே மெல்லிய நூலைச் சுற்றி இறுக்குவர்.

1545-இல் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ என்னும் போர்க்கப்பல் 1982-இல் மேலே எடுக்கப்பட்டது. அதில் கிடைத்த அம்புகளில் இறகுகள் மக்கிப்போயிருந்தன. எனினும் பசையின் சுவடும் நூல் சுற்றிய தடமும் எஞ்சியிருந்தன.

போர்க்களத்தில் ஒவ்வோர் இறகையும் ஆராய வில்லாளனுக்கு நேரமேது? முகமறியாத தொழிலாளி இடம் வலம் பிழையாமல் பிரித்திருப்பான் என்று நம்பியே அவன் நாணை இழுத்தான். அந்த நம்பிக்கைக்குத் தகுதியாக உழைப்பதே தொழிலின் அறம்.