கலாசாலை மாணாக்கரின் காதலும் அதன்கண் விளையும் இம்சையும்

(ஓசூரில் நமது சங்கத்தார் குடும்பங்களுடன் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படாத ஒன்று. கலாசாலையில் பயிலும் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பிப் பழகுங்கால், ஒருவர் மற்றவரை அடித்தும், அச்சுறுத்தியும், பின்தொடர்ந்தும், கைப்பேசியைப் பிடுங்கிச் சோதித்தும் செய்யும் இம்சையே அஃது. காதல் தகுமா தகாதா என்னும் வாதத்தை எழுப்ப யான் வரவில்லை. அடி விழுகிறது; நம் மக்கள் அதனை நம்மிடம் சொல்லுவதில்லை. ஏன் சொல்லுவதில்லை என்பதே என் கேள்வி.

முதலில் அடிப்பவர் யார், அடிபடுபவர் யார் என்று பார்ப்போம். அமெரிக்க தேசத்துப் பேராசிரியர் மர்ரே ஸ்ட்ராஸ் என்பார் 16 நாடுகளில் 31 பல்கலைக்கழகங்களின் மாணாக்கரை விசாரித்து, 2004-ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். தள்ளுதல், அறைதல் முதலியவற்றையும் சேர்த்து, முந்திய ஓராண்டில் தம் காதல் துணையின்மீது கைந்நீட்டியதாக ஒப்புக்கொண்டவர் நூற்றுக்கு 29 பேர். இதில் ஆண் பெண் வேற்றுமை பெரிதாக இல்லை. இதனைக் கேட்ட மாத்திரத்தில், 'இரு பாலாரும் ஒன்றுதானே' என்று சிலர் சொல்லத் துணியலாம். அது பாதி உண்மையே. ஜான் ஆர்ச்சர் என்னும் ஆங்கில அறிஞர் பல ஆராய்ச்சிகளை ஒருங்கு தொகுத்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையின்படி, இவ்வாறு காயமுற்றோரில் நூற்றுக்கு 62 பேர் பெண்கள். ஓங்கிய கைகளின் எண்ணிக்கை ஒத்திருக்கலாம். விழுந்த அடியின் பாரம் ஒத்திருக்கவில்லை.

நம் தமிழ்நாட்டில் நிகழ்ந்தவற்றை நினைத்துப் பாருங்கள். 2016 ஆகஸ்டில் கரூர்ப் பொறியியற் கலாசாலை ஒன்றின் வகுப்பறையிலேயே ஒரு மாணவி கொல்லப்பட்டாள். 2018 மார்ச்சில் சென்னை கே.கே. நகரில் கலாசாலைக்கு அருகே மற்றொருத்தி. 2022 அக்டோபர் 13-இல் பரங்கிமலை நிலையத்தில் ஒரு மாணவி ஓடும் இரயிலின்முன் தள்ளப்பட்டாள். ஆடவனின் விருப்பத்திற்கு இணங்க மறுத்ததே இவர்கள் செய்த குற்றம்!

ஆண்மக்கள் துன்புறுவதில்லையோ எனின், துன்புறுகின்றனர். அதே 2022 அக்டோபரில், கன்னியாகுமரி எல்லையில் காதலியின் வீட்டில் நஞ்சூட்டப்பெற்ற கேரள மாணவர் ஒருவர் உயிர் துறந்தார். 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் அப்பெண்ணைக் குற்றவாளியெனத் தீர்த்தது. 'பெண்ணிடம் அடிபட்டவன்' என்னும் நகைப்புக்கு அஞ்சியே நம் பையன்கள் வாய் திறவார்கள். பையனை மௌனமாக்குவது நாணம். பெண்ணை மௌனமாக்குவதோ அச்சம். அவ்வச்சம் யாரைக் குறித்தது? அடிப்பவனைக் குறித்தது மட்டுமன்று. நம்மைக் குறித்ததும் ஆகும்.

நமது பிரதேசத்தின் நிலையை அறிவீர்கள். சிப்காட் தொழிற்சாலைகளை நாடிப் பல ஜாதியாரும் பல பாஷையாரும் ஓசூரில் குடியேறியுள்ளனர். நம் பிள்ளைகள் அத்திப்பள்ளியைக் கடந்து ஆனேக்கல், பெங்களூரு வரை சென்று பயிலுகின்றனர். பிற ஜாதியாரோடு பழகாமல் அங்கே ஒருநாளும் கழியாது. ஆயினும் 2018 நவம்பரில், ஜாதி கடந்து மணந்து ஓசூரில் வாழ்ந்த இளந்தம்பதியர் கொல்லப்பட்டுச் சிவசமுத்திரம் அருகே காவிரியில் எறியப்பட்டனர். பெண்ணின் தந்தையும் உறவினரும் கைது செய்யப்பெற்றனர். அச்செய்தியை நம் பெண்களும் படித்தார்கள். அதன் பின்னர், 'உன் தகப்பனாரிடம் சொல்லிவிடுவேன். படத்தை உறவினருக்கு அனுப்பிவிடுவேன்' என்று ஒருவன் மிரட்டினால் அவள் என் செய்வாள்? அடியைப் பொறுத்துக்கொண்டு வாயை மூடுவாள். ஆகவே, அவன் கையிலுள்ள ஆயுதம் நாம் கொடுத்த ஆயுதம். நம் கோபத்தைக் காட்டியே அவன் அவளை ஆளுகின்றான்.

சட்டம் துணையற்றதன்று. பின்தொடர்ந்து தொல்லைப்படுத்தும் ஆடவனுக்குப் பாரதிய நியாய சன்ஹிதையின் 78-ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனை உண்டு. அப்பிரிவு பெண்ணைக் காப்பது. எனினும் அடித்தல், மிரட்டல் ஆகிய குற்றங்களுக்கு ஆண்மகனும் புகார் செய்யலாம். 2015-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள், பாலியல் தொல்லைக்கு ஆளாகும் மாணவரையும் திருநங்கையரையும் மறக்கவில்லை. எல்லைப்புறத்தாராகிய நமக்கு முக்கியமானது இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதையின் 173-ஆம் பிரிவுப்படி, போலீஸார் நேரே விசாரிக்கத்தக்க குற்றம் எங்கு நடந்திருப்பினும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பெங்களூருவில் நிகழ்ந்ததை ஓசூரில் பதியச் சொல்லலாம். 'எங்கள் எல்லையன்று' என்று திருப்பியனுப்புதல் முறையன்று.

ஆயினும் முதற்புகார் வீட்டில்தான் எழவேண்டும். அதற்கு மூன்று காரியங்களை வேண்டுகிறேன். 'உனக்கு எது நேர்ந்தாலும் எங்களிடம் வா. அடிக்கமாட்டோம், படிப்பை நிறுத்தமாட்டோம், அவசரக் கலியாணம் செய்யமாட்டோம்' என்று ஒவ்வொரு தகப்பனாரும் இன்றே தம் மகளிடம் சொல்லுவாராக. சொன்னபடி நடக்கவும் வேண்டும். 'மறுப்பவளை விட்டு விலகுவதே ஆண்மை. நீ அடிபட்டாலும் அதைச் சொல்லுவதில் இழிவில்லை' என்று ஒவ்வொரு தாயும் மகனுக்கு உணர்த்துவாராக. மூன்றாவது, சங்கத்துப் பெரியோர்கள் இத்தகைய விவகாரத்தைப் பஞ்சாயத்தில் மூடி மறைப்பதும், அடித்தவனுக்கே பெண்ணைக் கட்டிவைப்பதும் கூடாது. வயது வந்த இருவர் மணக்கக் குடும்பத்தாரின் சம்மதமோ குலத்தாரின் சம்மதமோ தேவையில்லை என்று 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. அத்தீர்ப்பு நம் சங்கத்தையும் கட்டுப்படுத்தும்.

பெண்களுக்கு 181, யாவர்க்கும் அவசரத்தில் 112, மனத்துயருக்கு 14416 ஆகிய தொலைபேசி எண்களை வீட்டுச் சுவரில் எழுதிவையுங்கள். குலத்தின் மானம் பெண்ணின் மௌனத்தில் இல்லை. அவள் அஞ்சாது வந்து கதவைத் தட்டக்கூடிய வீட்டில் இருக்கிறது.