சொல் மாறினால் உரிமை மாறும்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பால்டிக் கடலோரத்தில் லித்துவேனியா என்றொரு சிறிய நாடு. மக்கள் முப்பது லட்சத்துக்கும் குறைவு. 1864 முதல் 1904 வரை, அவர்கள் மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிட ரஷ்யப் பேரரசு தடை போட்டிருந்தது. மக்களோ புத்தகங்களை எல்லை தாண்டி ஒளித்துக் கொண்டுவந்து மொழியைக் காத்தார்கள். 1990இல் மீண்டும் விடுதலையை அறிவித்தார்கள். 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தார்கள். தங்கள் சட்டங்களைப் பிறர் படிக்க ஆங்கிலத்திலும் பெயர்க்கிறார்கள்.

இது லேசான வேலையா? இல்லீங்க! அங்கே 'தெய்சே' என்றொரு சொல். சட்டம் என்றும் பொருள், உரிமை என்றும் பொருள். ஆங்கிலத்திலோ, நம் தமிழைப் போலவே, இரண்டுக்கும் தனித்தனிச் சொல். இடம் பார்த்து எழுதாவிட்டால் ஒருவருடைய உரிமை ஏட்டிலேயே மறைந்துபோகும்.

'நோட்டாராஸ்' என்பவர் சட்டம் படித்தவர். அங்கே வீடு, நிலம் விற்கும் பத்திரத்தை உறுதி செய்பவர். வெறுமனே 'நோட்டரி' என்று எழுதினால், அமெரிக்காவில் படிப்பவர் கையெழுத்துக்குச் சாட்சி நிற்பவர் என்றுதான் நினைப்பார். பெயர் ஒன்று, வேலை வேறு!

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? என் பாட்டி, தமக்குத் தெரியாத மொழியில் இருந்த தாளுக்குப் பெருவிரல் ரேகை வைத்தவர். "என்ன எழுதியிருக்குன்னு கேக்கத் தோணலையேப்பா" என்று கடைசிவரை வருந்தினார்.

பெற்றோர்களே, புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், கேளுங்கள். மாணவர்களே, தமிழோடு மலாயும் ஆங்கிலமும் கற்று, கேட்பவர்களுக்குச் சரியான சொல்லைச் சொல்லுங்கள். நாளை உங்கள் வீட்டுக்கு நீங்கள்தான் மொழிபெயர்ப்பாளர்.