நம்ம கையில் ஒரு கேமரா
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



என்னைப் போட்டோ எடுப்பது பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். ஸ்டுடியோ வைத்திருப்பவள் இல்லை. சமையல், மாடு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் எல்லாம் போக மீதி இருக்கிற நேரத்தில் படம் எடுத்துப் பழகினவள். எனக்குத் தெரிஞ்சதை நம்ம பாஷையில் சொல்றேன்.

போட்டோ நமக்கு எதுக்கு என்று சிலர் கேட்கலாம். கடன் வாங்கி மாடு வாங்கினால் படம் கேட்கிறாங்க. காப்பீடு போட்டால் மாட்டின் காதுத் தோடு நம்பர் தெரியுற மாதிரி படம் வேணும். ஊறுகாய், சணல் பை, புடவை எது விற்றாலும் வாங்குறவங்க முதலில் பார்ப்பது போனில் வரும் படத்தைத்தான்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கு. எங்க குழுவில் ஒரு பெரியம்மா இருந்தாங்க. ஒரு மாசம் விடாமல் சேமிப்பு கட்டினவங்க. அவங்க தவறினபோது மாலை போட ஒரு படம் இல்லை. வீட்டில் இருந்த மூன்று கல்யாண ஆல்பத்திலும் தேடினாங்க. ஒன்றில் பந்தி பரிமாறிக்கொண்டு குனிந்து இருக்காங்க, இன்னொன்றில் முதுகுதான் தெரியுது. ஆதார் அட்டையில் இருந்த முகத்தைப் பேரனே யாரோ என்று நினைத்தான். கடைசியில், குழுக் கூட்டத்தில் பாஸ் புத்தகத்தைக் கையில் வைத்துச் சிரிக்கும்போது நான் போனில் எடுத்த படத்தைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டாங்க. இன்றைக்கும் அந்த வீட்டுச் சுவரில் அதுதான் இருக்கு. ஒரு வீட்டையே தூக்கி நிறுத்தின பொம்பளைக்கு அந்த வீட்டில் ஒரு படம் இல்லை. இது அந்த ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை.

நம்ம நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று ஹோமாய் வியாரவாலா அம்மாவைச் சொல்வாங்க. குஜராத்தில் 1913-இல் பிறந்தவங்க. 1947 சுதந்திர நிகழ்ச்சிகளையும், காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தையும் படம் எடுத்தவங்க. புடவை கட்டிக்கொண்டு, கனமான கேமராவோடு டெல்லியில் சைக்கிளில் போய் வேலை பார்த்தவங்க. ஆனால் ஆரம்ப காலத்தில் அவங்க எடுத்த படங்கள் அவங்க வீட்டுக்காரர் பெயரில்தான் பத்திரிகையில் வந்தது. 2011-இல்தான் பத்ம விபூஷண் விருது கிடைச்சது. அடுத்த வருஷம் காலமானாங்க. உழைப்பு ஒருத்தருடையது, பெயர் இன்னொருத்தருடையது என்பது நமக்குப் புதுசு இல்லையே!

நம்ம மாநிலத்திலேயே மதுரைக்காரர் எம். பழனி குமார் இருக்கார். அவருடைய அம்மா மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவங்க. அந்த அம்மாவின் வாழ்க்கையையே அவர் படங்களாக எடுத்து வெளியிட்டிருக்கார். மீனவப் பெண்களுக்கும் கேமரா பிடிக்கக் கற்றுக் கொடுத்திருக்கார். மீன் கூடை தூக்குற கை கேமரா பிடிக்கலாம் என்றால், ராட்டை சுற்றுற கையும் களை எடுக்கிற கையும் பிடிக்கலாம்.

சரி, எதில் எடுப்பது? முதலில் கையில் இருக்கிற போன். புதுசு வாங்க அவசரப்பட வேண்டாம். போனின் பின்பக்கக் கண்ணாடியைச் சுத்தமான பருத்தித் துணியால் துடைங்க. சமையல் கை பட்டு எண்ணெய் படிந்திருக்கும். படம் மங்கலாக வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான். விரலால் விரித்துப் பெரிதாக்கி எடுக்காதீங்க. அது படத்தை இழுத்துப் பெரிசாக்குவதுதான், தெளிவு குறையும். இரண்டு அடி முன்னால் போய் எடுங்க. கடைக்காரர் மெகாபிக்சல் என்று பெரிய நம்பர் சொல்வார். அந்த நம்பரை மட்டும் நம்பாதீங்க. வெளிச்சத்தை வாங்குற சென்சார் எவ்வளவு பெரிசு என்பதும் லென்சும்தான் முக்கியம். போனில் அது சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. கேமராவில் அதைவிடப் பல மடங்கு பெரிசாக இருக்கும். அதனால்தான் இருட்டில் போன் திணறுது.

போனில் நன்றாகப் பழகின பிறகு, படம் எடுத்து வருமானமும் வரும் என்று தெரிந்தால் மட்டும் கேமரா. இப்போது இரண்டு வகை பேசுறாங்க. உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் ஒன்று, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் இன்னொன்று. மிரர்லெஸ் எடை குறைவு, புது மாடல், விலை கூட. பலரும் அதற்கு மாறிக்கொண்டிருப்பதால் பழைய டிஎஸ்எல்ஆர் குறைந்த விலைக்குக் கிடைக்குது. கற்றுக்கொள்ள அது போதும்.

நான் குழுவில் ரூ.20,000 உள்கடன் எடுத்தேன். ரூ.18,000-க்குப் பழைய கேமராவும் 18-55 லென்சும், மீதிக்கு ஒரு முக்காலி ஸ்டாண்டும் மெமரி கார்டும் வாங்கினேன். மாசம் அசல் ரூ.1,000, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. முதல் தவணை ரூ.1,200. "பொம்பளைக்கு எதுக்கு இது?" என்று சொந்தத்தில் பேசினாங்க. எங்க குழு அக்காக்கள் ஒரு கேள்விதான் கேட்டாங்க: "தவணை எப்படிக் கட்டுவே?" நெசவு வீடுகளில் புடவையைப் படம் எடுத்துக் கொடுத்தால் ஒன்றுக்கு ரூ.30 தர்றாங்க, மாசம் ஐம்பது புடவை எடுத்தால் ரூ.1,500 வரும் என்று கணக்குச் சொன்னேன். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. கடைசித் தவணை கட்டி முடிச்சாச்சு. பழைய கேமரா வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்க. இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கு என்று கேளுங்க. லென்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கா பாருங்க. பேட்டரி எவ்வளவு நேரம் நிற்குது என்று பாருங்க. வீட்டுக்கு வந்த பிறகு, மூடி இருக்கிற டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்க. மழைக்காலத்தில் பீரோவுக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

பட்டுப் புடவை எடுப்பது தனி வித்தை. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-இலேயே புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. ஆனால் படம் சரியில்லை என்றால் அந்தப் பெயருக்கே கெட்ட பெயர். பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர் போட்ட புடவை, ஒரு பக்கம் பார்த்தால் மயில் கழுத்துப் பச்சை, இன்னொரு பக்கம் ஊதா. அதற்கு ஒரே படம் போதாது. மடிப்பு மடிப்பாகப் போட்டு இரண்டு கோணத்தில் எடுக்கணும். பிளாஷ் போடவே கூடாது. ஜரிகை பளிச்சென்று வெள்ளையாகிவிடும். ட்யூப்லைட்டும் வேண்டாம். அரக்கு சிவப்பு வேற ஏதோ கலராகத் தெரியும். காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடம், பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டி. படத்தில் வேட்டி வெள்ளையாகத் தெரிந்தால் புடவைக் கலரும் சரி. இல்லை என்றால் கேமராவில் ஒயிட் பேலன்ஸ் என்று இருப்பதை மாற்றுங்க. கலர் மாறிப்போய்த் திரும்பி வருகிற புடவை நெசவாளிக்கு எத்தனை நாள் கூலி என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது ராத்திரிப் படம். எல்லாரும் கேட்பது இதைத்தான். குழாயில் தண்ணீர் சன்னமாக வந்தால் குடம் நிறைய நேரமாகும் இல்லையா? இருட்டில் வெளிச்சமும் அப்படித்தான். மூன்று வழி இருக்கு. குழாய் வாயை அகலமாக்கலாம். அது லென்சின் துவாரம், எப் நம்பர் குறையக் குறைய வாய் அகலம். குழாயை அதிக நேரம் திறந்து வைக்கலாம். அது ஷட்டர் நேரம். மூன்றாவது ஐஎஸ்ஓ. ரேடியோ சத்தத்தைக் கூட்டுற மாதிரி. அதிகமாகக் கூட்டினால் ரேடியோவில் இரைச்சல் வரும், படத்தில் மணல் தூவின மாதிரி புள்ளி வரும்.

அசையாத பொருளுக்கு, கோபுரமோ கோலமோ அகலோ, ஸ்டாண்டில் வைத்து ஷட்டரை ஒன்று இரண்டு நொடி திறந்து வைக்கலாம். ஐஎஸ்ஓ 100 போதும். விரலால் அமுக்கினால் ஆடும், அதனால் இரண்டு நொடி டைமர் போடுங்க. ஸ்டாண்ட் இல்லையா? திண்ணையில் அரிசி மூட்டை மாதிரி ஒரு சின்னப் பை வைத்து அதன்மேல் கேமராவை உட்கார வையுங்க. போனில் நைட் மோட் இருந்தால் அது பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்குது. அது முடியும் வரைக்கும் கை ஆடக்கூடாது.

ஆடுகிற பொருளுக்கு இது ஆகாது. மாட்டுப் பொங்கல் பார்வேட்டைக்கு காஞ்சி வரதராஜப் பெருமாள் நம்ம பக்கமாகத்தானே பழையசீவரம் மலைக்கு வர்றார், அங்கிருந்து பாலாற்றைத் தாண்டித் திருமுக்கூடல் போறார். பல்லக்கு நடக்கும்போது எடுத்தால் இழுத்த மாதிரிதான் வரும். மண்டகப்படியில் சாமி நிற்கும் பாருங்க, அதுதான் நேரம். ஷட்டர் நொடியில் 60-இல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 3200, லென்ஸ் வாய் முழுசாகத் திறந்து. போன் பிளாஷ் சில அடி தூரத்துக்கு மேல் எட்டாது. முன்னால் நிற்கிறவர் தலையையும் சாம்பிராணிப் புகையையும்தான் வெள்ளையாக்கும். சாமி முகம் வெளுத்துப்போனால் திரையில் சாமி முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியப் படத்தைக் கீழே இழுங்க. எடுக்கக்கூடாது என்று எழுதியிருக்கிற இடத்தில், சந்நிதிக்குள், எடுக்காதீங்க.

கார்த்திகை விளக்குக்கு முழு இருட்டு வரை காத்திருக்க வேண்டாம். சூரியன் மறைந்து இருபது நிமிஷம், வானம் நீலமாக இருக்கும்போது எடுத்தால் விளக்கும் தெரியும், வீடும் தெரியும், விளக்கேற்றுகிற பிள்ளை முகமும் தெரியும். ராத்திரியில் வெளியே எடுக்கப் போவதானால் இரண்டு பேராகப் போங்க. நான் எங்க குழுப் பிரதிநிதியைக் கூட்டிக்கொண்டுதான் போவேன்.

கடைசியாக ஒன்று. கேட்காமல் யாரையும் எடுக்காதீங்க. எடுத்த படத்தைக் கேட்காமல் ஸ்டேட்டஸில் போடாதீங்க, வேறு குழுவுக்கு அனுப்பாதீங்க. "எடுக்கட்டுமா அக்கா?" என்ற ஒரு வார்த்தைதான். வேண்டாம் என்றால் அழிச்சுடுங்க. நம்மளை நம்பி முகம் காட்டுறாங்க, சேமிப்புப் பணத்தை நம்பிக் கொடுக்கிற மாதிரி.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். குழுவுக்கு ஒருத்தர் வந்தால், மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லித் தர்றேன், கட்டணம் வேண்டாம். வருகிற பொங்கலுக்குள் நம்ம கூட்டமைப்பில் இருக்கிற ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு நல்ல படம் எடுத்து வைப்போம். வேலை செய்கிற இடத்தில், தறியிலோ வயலிலோ அடுப்படியிலோ, நிமிர்ந்து நிற்கிற மாதிரி. படத்தின் பின்னால் அவங்க பெயரை எழுதுவோம். கீழே, எடுத்தவர் பெயரையும் எழுதுவோம். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்று இல்லாமல், சொந்தப் பெயர்.