வைக்கோலும் காபன் நுண்குழாயும்

மண்சுவர் வைப்போர் குழைத்த மண்ணோடு வைக்கோலைக் கலப்பது பழைய வழக்கம். மண் பாரத்தைத் தாங்கும், இழுவைக்கு வெடிக்கும். அவ்விழுவையை வைக்கோல் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் வைக்கோல் கட்டாகவே உள்ளே கிடந்தாற் பயனில்லை. உதிர்த்துப் பரப்பி மிதித்தல் வேண்டும். இன்றைய விஞ்ஞானிகளின் முயற்சியொன்றிற்கும் இவ்வுண்மையே அடிப்படையாகும்.

இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலே கைற்றின் என்னும் பொருள் உண்டு. அமிலத்தினாற் சுண்ணத்தையும் காரத்தினாற் புரதத்தையும் நீக்கி, எஞ்சியதைச் செறிந்த காரத்தில் இட்டுச் சூடாக்கினால் கைற்றோசன் கிடைக்கும். உயிர்கள் தரும் பல்பகுதியங்களிலிருந்து பெறப்படும் இப்பொருளை வினாகிரி போன்ற மென்னமிலத்திற் கரைத்து உலர்த்தினால் மெல்லிய தாளாகும். மண்ணிற் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கும். பிளாஸ்ரிக் குப்பையால் வருந்தும் உலகிற்கு இது நற்செய்தியே. எனினும் ஈரம் பட்டால் அத்தாள் தளர்ந்துவிடும்.

இதற்கு வைக்கோலாக வாய்த்ததே காபன் நுண்குழாய். 1991 இல் யப்பானிய அறிஞர் சுமியோ ஈஜிமா இதனை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்டு விளக்கினார். காரீயத்தின் ஓர் அணுப்படையைக் குழலாகச் சுருட்டினாற் போன்ற ஒற்றைச்சுவர்க் குழாயின் விட்டம் ஏறக்குறைய 1 நானோமீற்றர். இழுவலிமையோ உருக்கினும் பன்மடங்கு.

ஆயினும் இக்குழாய்கள் ஒன்றையொன்று கவர்ந்து கட்டுக்கட்டாகச் சேர்ந்துவிடும். ஆகவே குழாய்க்கு வேறொரு பல்பகுதியத்தைப் போர்வையாக்குகின்றனர். போர்வையின் ஒரு பகுதி குழாயைப் பற்றும். மறுபகுதி கைற்றோசனோடு கலக்கும். வெறுமனே சுற்றினாற் பிடி தளர்வு. இரசாயனப் பிணைப்பால் ஒட்டினாற் பிடி உறுதி, ஆனாற் குழாயின் சுவர் சிறிது பழுதுபடும். அளவறிந்து செய்தல் வேண்டும். குழாய்கள் செவ்வனே பரவினால் விளையும் பயனை 2005 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது: நூற்றில் ஒரு பங்கிலும் குறைந்த நுண்குழாய், கைற்றோசன் தாளின் இழுவலிமையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிற்று.

இத்துடன் காரியம் முற்றுப்பெறவில்லை. நீண்ட நுண்குழாய்கள் சில, கல்நார் இழையைப் போலவே உடலின் உட்சவ்வில் அழற்சி விளைப்பதை 2008 இல் சுண்டெலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. 2014 இல் புற்றுநோய் ஆய்விற்கான சர்வதேச முகவரகம் அவற்றுள் ஒரு வகையை, மனிதரிற் புற்றுநோய் விளைக்கக்கூடும் பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. கைற்றோசன் மண்ணோடு மண்ணாகும். அதனுள் இருந்த குழாய் எங்கே செல்லும்? மண்சுவர் இடிந்தால் வைக்கோலும் உடன் மக்கிப்போகும். புதிய வைக்கோலைத் தேடுவோர் அதன் வலிமையை அளந்தது போலவே அதன் முடிவையும் அளந்தறிதல் கடனாகும்.